குறுக்கு விசாரணையையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் கொலை வழக்கு என்றால் சாட்சியங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து படிப்பேன்.

இந்த ஆர்வம் சென்னை ஆளவந்தார் கொலை வழக்கில் தொடங்கியது. 1952 ஆகஸ்டில் தலையில்லாத உடல் ஒன்று டிரங்குப் பெட்டிக்குள் போட் மெயில் ரயிலில் மானாமதுரை வரை போய்விட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சரி, இரண்டும் ஒரே ஆளுடையவைதானா? அந்த ஆள் யார்? மருத்துவக் கல்லூரி நிபுணர் தலையையும் உடலையும் ஆராய்ந்தார். ஆளவந்தார் ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அங்கே பதிவாகியிருந்த கைரேகையும் ஒத்துப்போனது. எத்தனை பொறுமையான வேலை! குற்றவாளிகள் இருவருக்கும் தூக்கு இல்லை. ஒருவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 3 ஆண்டு சிறை. ஏன் அப்படி என்பது சாட்சியத்தைப் படித்தவர்களுக்குத்தான் விளங்கும்.

இன்றோ கைதான அன்று பக்கம் பக்கமாகச் செய்தி வருகிறது, அப்புறம் தீர்ப்பு நாளில்தான் வழக்கின் பேச்சே. இடையில் தடயவியல் நிபுணர் என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் எது நின்றது, எது உடைந்தது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. வாரம் அரைப் பக்கமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்