நம்ம சைப்ரஸ் நின்ற இடம்

குன்னூர்,
மாசி 10

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று வாசித்துக் காட்டியதும் வீட்டில் உடனே கேசரி கிளறிவிட்டாள். பேரனைத் தூக்கிக்கொண்டு மே மாதம் பழக்கண்காட்சிக்கு வந்து சேருங்கள்.

"சிம்ஸ் பூங்காவில் நம்ம சைப்ரஸ் மரத்தை வெட்டிவிட்டார்களாமே, நீ பார்த்துக்கொண்டா இருந்தாய்?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெட்டிய மூன்று நாளும் போய் நின்றேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி பெரிய கிளை ஒன்று முறிந்து நடைபாதையில் விழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போகும் பாதை அது. மரத்தை எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தடுக்கச் சொல்லி மனுவே எழுதிக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்பவர் ஒருவர், ஒன்றும் பேசாமல் மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு பக்கம் கெட்டியாகக் கேட்டது. சுற்றி வந்து மறுபக்கம் தட்டினால் காலிப் பானைச் சத்தம். வேருக்கு மேலே காளான் தட்டுத்தட்டாக அடுக்கி நின்றது. மனுவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மரத்தை ஒரேயடியாகச் சாய்க்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டி ஏறியவர், நுனியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கிளையையும் கட்டிக் கட்டி இறக்கினார். கீழே நிற்கும் நாவல் மரங்கள் ஒடியக்கூடாது என்று அவ்வளவு கவனம். அடிமரத்தை அறுத்தபின் வளையங்களை எண்ணிப் பார்த்தேன். ஓரத்திலிருந்து எண்பது வரை போனேன். அதற்கு உள்ளே என் முழங்கை வரை போகிற பொந்து, ஈரமாக, செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது. இலையைக் கசக்கினால் மட்டும் அதே எலுமிச்சை மணம். பரீட்சைக்குப் படிக்கும்போது புத்தகத்துக்கு நடுவில் வைப்போமே, அதே மணம். உறைக்குள் ஒரு கொத்து வைத்திருக்கிறேன், மோந்து பார்.

இப்போது அந்த இடத்தில் வானம் தெரிகிறது. முதல் வாரம் அந்தப் பக்கம் போகவே மனம் வரவில்லை. அப்புறம் போனேன். சரிவில் மண் அரித்துப் போகாமலிருக்க வேர்க்கட்டையை அப்படியே விட்டிருக்கிறார்கள். கட்டைகளை இழுத்ததில் இறுகிப்போன மண்ணைக் கொத்திவிட்டு, சிறு கிளைகளைத் தூளாக்கி மூடாக்குப் போட்டிருக்கிறார்கள். வெயில் பட்டதும் முதலில் கிளம்பியது உண்ணிச்செடிதான். அதை வேரோடு பிடுங்குவதே வாராவாரம் ஒரு வேலை.

போன செவ்வாய்க்கிழமை குனிந்து பார்க்கிறேன், சருகுக்குள் நாவல் கன்றுகள்! ஒன்பது எண்ணினேன். பெரியது என் சுண்டுவிரல் உயரம். தளிர் செம்பு நிறத்தில் பளபளக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரோ குச்சி நட்டிருந்தார்கள்.

அடுத்து என்ன நடுவது என்று இங்கே பேச்சு ஓடுகிறது. 1874இல் பூங்கா அமைத்தபோது பல நாடுகளிலிருந்து மரம் கொண்டுவந்தார்கள். நம்ம சைப்ரஸின் சொந்த ஊர் கலிபோர்னியாக் கடற்கரை. அதனால் அதன்மேல் எனக்குப் பாசம் குறையாது. மறுபடியும் சைப்ரஸே வைக்க வேண்டும் என்கிறவர்களின் மனசும் புரிகிறது. ஆனாலும் பூங்காவுக்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் சோலைக்காடு இருந்தது. அந்த வகை மரங்கள் இன்றும் உள்ளே நிற்கின்றன. இந்த ஒரு இடத்தையாவது நாவலுக்கும் காட்டுச் செண்பகத்துக்கும் கொடுக்கலாம் என்பது என் கட்சி. மெதுவாகத்தான் வளரும், சின்ன வயதில் நிழலும் வேண்டும். நாவல் விதையோ காய்ந்துவிட்டால் முளைக்காது. பழம் உதிர்ந்த கையோடு பொறுக்கிப் போட வேண்டும். பொறுக்குகிற வேலைக்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காட்டெருமை ராத்திரியில் உள்ளே வருவதுதான் கவலை. ஒரு மிதி போதும். கன்றுகளைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நம்ம பெஞ்சை நாவல் பக்கமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். உன் முழங்காலுக்கு அங்கே வரை படி இல்லாத பாதை ஒன்று இருக்கிறது, கூட்டிப் போகிறேன். பேரனுக்குக் குல்லா எடுத்துவர மறக்காதே.

அன்புடன்,
ராஜு