கொட்டகை செட்டில் தூணும் வரைபடமும் பொருந்தவில்லை: மாற்றித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மூன்று பக்கம் அடைத்த மாட்டுக் கொட்டகை செட், பெரிய அளவு. தூண்களின் அடித்தட்டு ஓட்டைகள் தவறு.

ஐயா,

வணக்கம். போனில் பேசிப் பேசி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். புகார் எண்ணைக் குறிப்பிடலாம் என்றால், கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் புது எண் கொடுத்தீர்கள். எது செல்லும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது நீங்கள் விற்கும் அதே செட்தான், பாகங்களாக வந்து நாங்களே பூட்டி நிறுத்திக்கொள்வது, முன்பக்கம் திறந்து, கூரை பின்பக்கமாகத் தாழ்ந்து வருவது. அதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெட்டியில் வந்த வரைபடத்தில் அடித்தட்டின் நான்கு போல்ட்டுகளுக்கும் இடைவெளி 150 மி.மீ. என்று அச்சடித்திருக்கிறீர்கள். பலகையில் அதே அளவுக்கு அச்சு செய்து, ரசமட்டம் பார்த்து, போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் புதைத்தோம். இறுகியபின் தூணைத் தூக்கி வைத்தால் உட்காரவில்லை. தட்டில் ஓட்டைகள் 125 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. அண்ணன் அளந்து பார்த்துவிட்டு, டேப்தான் தப்போ என்று வீட்டுக்குள் போய் இன்னொரு டேப்பை எடுத்து வந்தார். எல்லாத் தூணிலும் அதே 125. போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

இதைச் சொன்னதற்கு உங்கள் சேவை மையத்தில் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? "மாடு நிக்கிற இடத்துக்கு எதுக்கு சார் இவ்ளோ மில்லிமீட்டர் கணக்கு? கேஸ் கட்டிங் வச்சு ஓட்டையைப் பெருசு பண்ணிக்கங்க." பெயரைக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். அப்புறம் லைனைத் துண்டித்துவிட்டார். உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று உங்கள் இயந்திரக் குரல் ஒவ்வொரு தடவையும் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கேஸ் வைத்து வெட்டினால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போகும். துருப்பிடிக்காத பூச்சு என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு, அதை எரிக்கச் சொல்வது உங்கள் ஆளே. தூணின் அடிப்பகுதிதான் நாள் முழுக்கச் சாணியிலும் மூத்திரத்திலும் ஊறும் இடம். துரு அங்கேதான் முதலில் ஏறும். போதாததற்கு, ஓட்டையைப் பெரிதாக்கினால் அது தட்டின் விளிம்பையே தொட்டுவிடும்.

மரியாதையாகப் பேசிய இன்னொருவர், பழைய போல்ட்டுகளை அறுத்துவிட்டுப் பக்கத்திலேயே துளை போட்டுப் புது போல்ட் அடிக்கச் சொன்னார். பழைய போல்ட்டை உரசிக்கொண்டு துளை போட்டால் கான்கிரீட்டில் பிடிமானம் எங்கிருந்து வரும்? முன்பக்கம் திறந்த கொட்டகையில் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கப் பார்க்கும். பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது, கூரை பறக்காமல் இழுத்துப் பிடிப்பதும் இந்த போல்ட்டுகள்தான். கொட்டகை விற்கும் கம்பெனிக்கு இதை நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

கிடங்கு விவகாரத்துக்கு வருகிறேன். "தட்டைக் கழற்றிக் கொண்டு வாங்க, பார்த்துட்டு மாத்தித் தர்றோம்" என்றார்கள். உங்கள் தட்டு தூணோடு வெல்டிங் செய்து வருகிறது, ஐயா! கழற்ற என்ன இருக்கிறது? சரி என்று முழுத் தூணையும் டிராக்டரில் கட்டிக்கொண்டு போனேன். கிடங்கு வாசலில் வாட்ச்மேன், சரக்கு இருப்புக் கணக்கு நடக்கிறது, இன்று யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். வரச் சொன்னவருக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. உச்சி வெயிலில் நின்று பார்த்துவிட்டு, வழியெல்லாம் எல்லோரும் வேடிக்கை பார்க்க, கல்யாணத்துக்குப் போய்ப் பெண் கிடைக்காமல் திரும்புகிறவன் மாதிரி அதே தூணோடு வீடு வந்து சேர்ந்தேன். அன்று எரிந்த டீசலுக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைத் தகடு ஸ்குரூக்களில் பாதிக்கு ரப்பர் வாஷர் இல்லை. வாஷர் இல்லாமல் முடுக்கினால் ஒவ்வொரு ஸ்குரூ வழியாகவும் தண்ணீர் இறங்கும். கேஸ் கட்டிங் யோசனை சொன்ன அந்த ஆசாமியிடம் இதையும் சொல்லியிருப்பேன், அதற்குள்தான் லைனை வைத்துவிட்டாரே.

கொட்டகை வரும் என்று நம்பி பழைய சாய்ப்பைப் பிரித்துப் போட்டோம். சினை மாடும் கன்றுகளும் வெட்டவெளியில் நிற்கின்றன. ராத்திரி தூறல் விழுந்தால் வீட்டில் யாரும் தூங்குவதில்லை, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். பால் பாதியாகிவிட்டது. அப்பா எங்களோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். உங்களால் பண்ணையே படுத்துவிட்டது. பட்ட நஷ்டம் முழுவதையும் கேட்டால் உங்கள் கம்பெனியைத்தான் எழுதித் தர வேண்டியிருக்கும்.

அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. வரைபடத்துக்குப் பொருந்தும் தூண்களையும், விட்டுப்போன வாஷர்களையும் தயவுசெய்து அனுப்பி வையுங்கள். முடியாது என்றால் செட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும், அடித்தளம் போட்ட செலவையும் கொடுங்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வர வேண்டும். போனில் சொல்லும் எதையும் இனி நம்புவதாக இல்லை. பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். வரைபடம், பில், டேப் வைத்து எடுத்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மிரட்டுவதாக நினைக்க வேண்டாம், ஆனால் பயப்படலாம்.

உங்கள் நிறுவனத்தில் பொறுப்பானவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் எழுதினேன். புதுத் தூண்களை இறக்கும்போது பழையவற்றை அதே வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றி இறக்கும் ஆள்கூலியும் உங்களுடையது. அந்தக் கிடங்குப் பக்கம் நான் இனி வர மாட்டேன்.

இப்படிக்கு,
முழுப் பணமும் முன்கூட்டியே கட்டிய உங்கள் வாடிக்கையாளர்