தங்கராசு அண்ணன் காலில் களிம்பு தடவும் முன்

மல்லேசுவரம், பெங்களூரு

அன்புள்ள செல்விக்கு,

நலம், நலமறிய ஆவல். இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்கு நீ சேர்த்து வைத்திருக்கும் வசவை அடுத்த முறை திருச்சிக்கு வரும்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் தேவலை. சின்னவன் கன்னடத்திலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான். இப்போது அவசரமாக எழுதுவது தங்கராசு அண்ணனின் காலைப் பற்றி.

எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து வெந்த அந்தக் கெண்டைக்கால் தழும்பு, நாம் விடுதியில் இருந்தபோதே பளபளவென்று இறுகிப்போயிருந்தது. அது இப்போது வெடித்து மாதக்கணக்கில் ஆறவில்லை என்றும், வளர்ச்சிக் காரணி (செல்களை வளரத் தூண்டும் புரதம்) சேர்ந்த களிம்பை ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். செல்வி, பயாப்சி, அதாவது சதை எடுத்துப் பார்க்கும் சோதனை, முடியும்வரை அந்தக் களிம்பைத் தொடவேண்டாம் என்று அண்ணனிடம் பேசு. களிம்பிலுள்ள ஈ.ஜி.எஃப். என்ற அந்த வளர்ச்சிக் காரணி நீரிழிவுக்காரர்களின் காற்புண்ணை ஆற்ற உதவுவது உண்மைதான். ஆனால் பழைய தீக்காயத் தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்துக் கிளம்பும் புண், மார்ஜோலின் புண் என்று மருத்துவர்கள் சொல்லும் புற்றாக இருக்கக்கூடும். அதில் பெரும்பாலானவை, தோலின் மேலடுக்குச் செல்களில் வரும் செதிள் செல் புற்றுநோய்.

அந்த வகைச் செல்களோடுதான் நான் ஆய்வகத்தில் நாளெல்லாம் கழிக்கிறேன். ஏ431 என்ற பெயரில் நாங்கள் வளர்க்கும் செல்கள் 85 வயதுப் பெண்மணி ஒருவரின் கட்டியிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றின் மேலும் ஈ.ஜி.எஃப். வந்து ஒட்டும் ஏற்பிகள் சுமார் 20 லட்சம். செல்களுக்கு ஊட்டும் ஸீரத்திலேயே (இரத்தத்தின் தெளிநீர்) வளர்ச்சிக் காரணிகள் நிறைய இருப்பதால், முதல் நாளே ஸீரம் இல்லாத மீடியத்துக்கு (வளர்ப்புத் திரவம்) மாற்றிப் பட்டினி போட்டுவிட்டு, மறுநாள் ஈ.ஜி.எஃப். விடுகிறோம். நெருக்கமாக ஒட்டி நின்ற கூட்டம் சில நிமிடங்களிலேயே ஓரம் சிலிர்த்து உருண்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து நகர்கிறது. ஈ.ஜி.எஃப். அளவு கூடினால் இந்தச் செல்கள் பெருகுவது குறைகிறது, ஆனால் நகர்வது குறைவதில்லை. என்னைக் கலங்க வைப்பது இதுதான். மீடியத்தை எடுத்துப் பார்த்தால் யூரோகைனேஸ் என்ற புரோட்டியேஸும் (புரதத்தை அறுக்கும் நொதி) கூடியிருக்கிறது, அதை அடக்கும் பி.ஏ.ஐ-1 என்ற தடுப்பானும் கூடியிருக்கிறது.

அடக்குவது கூடினால் நல்லதுதானே என்று நீ உடனே கேட்பாய். தேர்வறையில்கூடக் கேள்வித்தாளோடு வாதாடியவள் ஆயிற்றே. யூரோகைனேஸ், பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதியை உண்டாக்கி, செல்லைச் சுற்றியுள்ள புரத வலையை அறுத்து வழி திறக்கிறது. அறுப்பு அளவு மீறினால், புது இரத்தக் குழாய்கள் பற்றிப் படர வேண்டிய வலையும் கரைந்துவிடும்; தடுப்பான் அந்த வலையைக் கட்டிக் காப்பது புற்றுக் கட்டிக்கே உதவியாக முடிகிறது. போதாததற்கு, விட்ரோனெக்டின் என்ற ஒட்டுப் புரதத்தில் செல் வைத்திருக்கும் பிடியையும் அது தளர்த்திவிடுகிறது. 1998இல் பெல்ஜியத்தின் லியேஜ் ஆய்வாளர்கள், பி.ஏ.ஐ-1 இல்லாத எலிகளுக்குப் புற்றான தோல் செல்களைப் பொருத்தினார்கள்; அவை ஊடுருவவில்லை, இரத்தக் குழாயும் வரவில்லை. வைரஸ் வழியாகத் தடுப்பானைத் திரும்பக் கொடுத்ததும் ஊடுருவத் தொடங்கின. புரோட்டியேஸை அடக்கும் மருந்து கொடுத்தாலே போதாதா என்று சென்ற முறை நீ கேட்டதற்கும் இதுதான் பதில். வேறொரு புரோட்டியேஸ் குடும்பத்தைக் குறிவைத்து வந்த மாரிமாஸ்டாட் என்ற மருந்தும் மூட்டு வலியைக் கொடுத்ததே தவிர, பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

களிம்பு புற்றை உண்டாக்கும் என்று நான் சொல்லவில்லை. புற்று ஏற்கெனவே இருந்தால், அதன் மேல் ஈ.ஜி.எஃப். தடவுவதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓரத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து சதை எடுக்கச் சொல். ஓரம் தடித்து மேலெழும்பியிருக்கிறதா, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று நீயே பார். பரவுவதற்கு முன் தெரிந்தால் வெட்டி எடுத்து, தோல் ஒட்டிச் சரிசெய்துவிடலாம். வேப்பெண்ணெய் போதும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தால் என்னைக் கூப்பிடு, நான் பேசுகிறேன். உன் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார், சாம்பார் விவகாரத்திலேயே தெரிந்ததே!

அறிக்கை வந்ததும் கடிதத்துக்குக் காத்திராமல் தொலைபேசியில் சொல்.

அன்புடன்,
மீனா