மதுரை வீரன் கோயிலைக் காத்து வருபவர்களுக்கு நன்றி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனை என்னும் எண்ணெய்ப் பனைக் காட்டுக்குள் இருக்கும் மதுரை வீரன் கோயிலில் எங்களுக்கு உதவிய எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் அம்மா பிறந்து வளர்ந்த தோட்டம் அது. பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், சனங்கள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று பிரிந்து போனார்கள். கோயில் இன்னும் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து வீரனைப் பார்க்க வேண்டும் என்பதே அம்மாவின் பேச்சு. நடக்க முடியாதவரை அவ்வளவு உள்ளே எப்படிக் கூட்டிப் போவது என்று தயங்கினோம். “நீங்கள் டவுனுக்கு வந்து சேருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் பூசாரி அண்ணன். சொன்னபடியே பார்த்துக்கொண்டீர்கள்.

முந்திய நாள் மழையில் செம்மண் சாலை குழைந்து கிடந்தது. வேன் சக்கரம் புதைந்ததும், குலை ஏற்றிக்கொண்டிருந்த வங்காளதேசத் தம்பிகள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து தள்ளினார்கள். அவர்களால் இந்த மடலைப் படிக்க முடியாது. எங்கள் நன்றியை அண்ணன்தான் நேரில் சொல்லிவிட வேண்டும். அப்புறம், வேன் போகாத இடத்தில் அம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்த உருமி மேளப் பையன்கள். உங்களைப் பெற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஐயாவுக்குத் தனியாகவே நன்றி சொல்ல வேண்டும். படையலுக்குக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பையன்களை உட்கார வைத்து வீரன் கதையைச் சொன்னார். காசி அரசனின் பிள்ளையாகப் பிறந்து காட்டில் விடப்பட்டது, செருப்புத் தைக்கும் சின்னான் வீட்டில் வளர்ந்தது, பொம்மியைக் கைப்பிடித்தது, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் மதுரைக்குப் போய் அழகர்மலைக் கள்வரை அடக்கியது, வெள்ளையம்மாளால் வந்த பழி, கடைசியில் ஒரு பக்கக் காலையும் மறுபக்கக் கையையும் வெட்டும் மாறுகால் மாறுகைத் தண்டனை. எல்லாம் சொன்னார். அரசன் பிள்ளை என்பதைப் பெரிதாகச் சொல்லிவிட்டுச் சின்னான் வீட்டைச் சட்டென்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. ஐயா அங்கேதான் நின்று சொன்னார். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. எடுத்து வளர்த்தவர்களை விட்டுவிட்டு வீரன் கதை ஏது?

“நல்லது செய்தவரை ஏன் சார் வெட்டினார்கள்?” என்று ஒரு பையன் கேட்டான். ஐயா வாய் திறப்பதற்குள், “விசாரிக்கவில்லையேப்பா. தோட்டத்தை வெள்ளைக்காரத் துரை நடத்திய காலத்தில் எங்களையும் விசாரிக்காமல்தான் வேலையை விட்டு நிறுத்தினார்கள்” என்றார் அம்மா. வீரனுக்கு மதுரை மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே சன்னதி இருக்கிறது என்று ஐயா சொன்னதும், “அங்கே போக எனக்குத் தெம்பில்லை, இங்கேயே பார்த்துவிட்டேன்” என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டில் அவர் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

சமைத்த அக்காமார்களே, அம்மாவுக்குப் பல் இல்லை என்று பார்த்துச் சோற்றைத் தனியாகக் குழைய வடித்துக் கொடுத்தீர்கள். நாங்கள் கேட்கக்கூட இல்லை.

கோயில் நிற்கும் நிலம் இன்னும் தோட்டத்துக்குச் சொந்தம் என்று பூசாரி அண்ணன் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தை எங்கள் அப்பா பார்த்தவர். அப்படி விற்கும் தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்க, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், வீட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு பங்கு வாங்கியவர். ஆகவே, நிலத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்க நீங்கள் எடுக்கும் முயற்சியில் எங்கள் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒழுகும் தகரக் கூரையை மாற்றும் செலவை நாங்களும் என் தம்பிகளும் ஏற்றுக்கொள்கிறோம். திருவிழாத் தேதி முடிவானதும் சொல்லி அனுப்புங்கள், அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஒரு தோட்டத்து மகள்