அந்தச் சிவப்பு மருந்து

அன்புள்ள செல்வி,

நான்கு மாதமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். நீ திட்டி எழுதிய இரண்டு வரியும் கிடைத்தது. இரண்டு வரியில் மூன்று எழுத்துப்பிழை. கோபம் வந்தால் உனக்கு ஒற்று எல்லாம் மறந்துபோகும். இங்கே எல்லோரும் நலம். பரமு சார் ஓய்வு பெற்ற பிறகும் தினமும் வந்து அதே மூன்றாவது நாற்காலியில்தான் உட்காருகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"ஆன்டிபயாடிக்கே புற்றுநோய் செல்லை அடக்குமாமே, அக்காவுக்கு ஏன் கொடுப்பதில்லை?" என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நாள்.

புற்றுநோய்க் கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக் குழாய் ஈடுகொடுக்காது. குழாயை விட்டு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப் போனாலே செல்லுக்கு மூச்சு முட்டும். ஆனால் எல்லாம் செத்துவிடுவதில்லை. ஹிஃப்-1 என்று ஒரு புரதம். ஆக்சிஜன் இருக்கும்வரை, இருப்பதில் பாதி ஐந்தே நிமிடத்தில் அழிந்துகொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் தேங்கி, டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, "புதுக் குழாய் போடு, சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே எரி" என்று உத்தரவு போடும். 2019 நோபல் பரிசு இதைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான். இப்படிப் பிழைத்த செல்களைக் கொல்லக் கதிர்வீச்சுகூட மூன்று மடங்கு வரை தேவைப்படும்.

ஆய்வகத்தில் நான் இப்போது வேலை செய்வது எக்கினோமைசினோடு. மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து 1957இல் பிரித்த ஆன்டிபயாடிக். மருந்துக் கடையில் கிடைக்கிற வகை அல்ல. ஹிஃப்-1 உட்காரும் இடத்திலேயே டிஎன்ஏவில் செருகிக்கொள்கிறது என்று 2005இல் காட்டினார்கள். போன செவ்வாய் ராத்திரி, 1 சதவீத ஆக்சிஜன் பெட்டியில் இரண்டு நாள் இருந்த புற்றுநோய் செல் தட்டுகளைப் பார்த்தேன். மருந்து இல்லாத தட்டில், செல்கள் வளர்ந்து விட்ட அமிலத்தில் சிவப்பு வளர்ப்புத் திரவம் மஞ்சளாகிவிட்டது, செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. மருந்து போட்ட பக்கத்துத் தட்டில் சிவப்பு இன்னும் மாறவில்லை, நடுவே நிறைய வெற்றிடம். மூன்று முறை எண்ணினேன் செல்வி. உன்னைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது, மணி ஒன்றரை.

ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு. இதே மருந்தை 1980களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாந்தி தாங்க முடியவில்லை, கட்டி பெரும்பாலும் அசையவே இல்லை. ஹிஃப்-1 என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது; கிட்டத்தட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்த மாதிரிதான். எனக்கு அதில் இன்றுவரை ஆதங்கம். இன்னொன்று: ஆக்சிஜன் சாதாரணமாக இருக்கும்போது, குறைந்த அளவில், இது ஹிஃப்-1ஐக் கூட்டியும் விடலாம். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், எவரோ அனுப்பிய செய்தியைப் பார்த்து அக்காவுக்கு எந்த மாத்திரையும் வாங்கிக் கொடுத்துவிடாதே. எதுவானாலும் முதலில் அவள் டாக்டரிடம் சொல்.

அப்புறம், உன் கேள்விக்கு நேரான பதில் உன் கடிதத்திலேயே இருக்கிறது. அக்காவுக்கு ஏற்றும் மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின் என்று எழுதியிருந்தாய். சொட்டுச் சொட்டாக ஏறும் அந்தச் சிவப்பைப் பார்க்க முடியாமல் அக்கா கண்ணை மூடிக்கொள்கிறாள் என்றும். அது ஆன்டிபயாடிக் குடும்பம்தான்! இத்தாலியில் ஒரு கோட்டைப் பக்கம் அள்ளிய மண்ணில் இருந்த பாக்டீரியாவின் வழி வந்தது. டிஎன்ஏவைச் சிதைப்பதுதான் அதன் பெரிய வேலை. ஹிஃப்-1ஐ டிஎன்ஏவில் உட்காரவிடாமலும் செய்கிறது என்று 2009இல் தெரிந்தது. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று அக்காவிடம் சொல். கேட்டால் கண்ணைத் திறந்து பார்ப்பாள், அவளை எனக்குத் தெரியும்.

அடுத்த சுற்று என்றைக்கு? தேதி எழுது, இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன். நீயும் ஒரு ராத்திரி தூங்க வேண்டாமா?

அன்புடன்,
கலா