என் அப்பாவின் வண்டிக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கோப்பு தங்கள் மேசையில் இருப்பதால் முழுக் கதையையும் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. மறைந்த என் தந்தையார் பெயரில் உள்ள ஸ்பிளெண்டர் வண்டியைத் தம்பியின் பெயருக்கு மாற்ற எனக்கு மறுப்பில்லை என்று எழுதி, மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு முத்திரை பெற்று அனுப்பிய கடிதத்தைச் சென்ற வாரம் மூன்றாவது முறையாக அம்மாவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கும் விண்ணப்பமான படிவம் 31, இறப்புச் சான்று, வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்று, ஆர்.சி., காப்பீடு எதிலும் குறையில்லை என்று தங்கள் அலுவலகமே சொல்லிவிட்டது. குறை நான்தான். வாரிசுகள் மூவரில் அம்மாவும் தம்பியும் கவுன்ட்டர் முன் நிற்கிறார்கள், நான் நிற்கவில்லை. நேரில் வர முடியாதவர் ஆதாரில் உள்ள கைப்பேசிக்கு வரும் ஓடிபியையாவது சொல்லட்டும் என்றார்கள். நான் ஓமனுக்கு வந்தபின் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட அந்த எண் எப்போதோ வேறொருவர் கைக்குப் போய்விட்டது. வேறு வழியின்றி அதே எண்ணை அழைத்தேன். தருமபுரியில் லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் எடுத்தார். நல்ல மனிதர், நான் அழாக்குறையாகச் சொன்னதைக் கேட்டு, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆறு எண்களையும் நிதானமாகப் படித்துச் சொன்னார். அதை நான் தம்பிக்குச் சொல்லி, அவன் கவுன்ட்டரில் சொல்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. கடக்காமல் இருந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். முன்பின் தெரியாத தக்காளி வியாபாரி படித்துச் சொல்லும் ஆறு எண்கள் என் ஒப்புதலாகச் செல்லும்; இந்திய அரசின் தூதரகம் குத்திய முத்திரை செல்லாது!

உரிமையாளர் இறந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56ஆம் விதி. நாங்கள் இரண்டாம் மாதமே கொடுத்தோம். போய்ப்போய்த் திரும்பி இப்போது ஏழாவது மாதம். 2011 அக்டோபரில் பதிவான வண்டிக்கு 15 ஆண்டுப் பதிவு வரும் அக்டோபரோடு முடிகிறது. பெயர் மாறாவிட்டால் அதைப் புதுப்பிக்க அப்பாவேதான் விண்ணப்பிக்க வேண்டும் போலும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் முன் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில் சொன்னதைத் தாங்கள் அறிவீர்கள். தம்பி ஓட்டி ஏதேனும் நேர்ந்தால் அழைப்பாணையைப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கா அனுப்புவார்கள்? அதற்கு அஞ்சியே வண்டி புங்க மரத்தடியில் நிற்கிறது; கைலிக் கட்டுகளுக்காக அப்பா வெல்டிங் வைத்த கேரியர் துருவேறிக் கிடக்க, தம்பி அதே கட்டுகளைத் தோளில் சுமந்து குடியாத்தத்துக்குப் பேருந்தில் போய்வருகிறான்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம் என்று எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு அரிது. நாங்கள் அனுப்பும் பணத்தை மட்டும் எந்தக் கவுன்ட்டரும் "நேரில் வா" என்று திருப்பி அனுப்பியதில்லை. ஒரு பழைய வண்டிக்காக விமானச் சீட்டு எடுத்து வருவதென்றால் வண்டியின் விலையைவிடச் சீட்டின் விலை கூடிவிடும்.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கடிதத்தில் ஐயம் இருந்தால் தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். காணொளி அழைப்பில் என்னைப் பாருங்கள், எந்த நேரமானாலும் எடுக்கிறேன். ஏற்க முடியாது என்றால் எந்த விதியின்படி என்று எழுத்தில் தாருங்கள். இதுவரை எல்லாம் வாய்ச்சொல்தான்.

வரும் திங்கட்கிழமை காலை அம்மா மறுபடியும் வருவார். முழங்கால் வலியோடு இரண்டு பேருந்து மாறி வருகிறார். அவர் நீட்டும் கடிதத்தை இந்த முறை வாங்கிக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மஸ்கட்டிலிருந்து, கவுன்ட்டர் முன் நிற்காத மூத்த மகன்