தை மாச மழைய பத்தியும் ரெண்டு வரி போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மன்னார்குடிக்கு தெக்க ஒரு கிராமத்துலேர்ந்து எழுதுறேன், சம்பா விவசாயி. உங்க பேப்பர சந்தா கட்டி வீட்டுக்கே வரவழைச்சு படிக்கிறவன், அந்த உரிமையில கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், வெட்டாம போட்டா சந்தோஷம்.

வருசா வருசம் டிசம்பர் பொறக்குறப்ப குளிர்காலம் எப்படி இருக்கும்னு வானிலை ஆய்வு மையம் ஒரு கணிப்பு விடும், பிப்ரவரி வரைக்கும் சேத்து, அப்புறம் ஜனவரி ஒண்ணாம் தேதி வாக்குல இன்னொண்ணு வரும், நீங்களும் மொத பக்கத்துலயே போடுறீங்க. ஆனா படிச்சு பாத்தா வடக்க எத்தன நாளு குளிர் அலை அடிக்கும், பஞ்சாப் ஹரியானா பக்கம் கோதுமைக்கு மழை கெடைக்குமா கெடைக்காதாங்கறதுதான் முக்காவாசி. ஜனவரி டு மார்ச் மழை கணிப்பே வட இந்தியாவ மனசுல வச்சு சொல்றதுதான். தப்பு சொல்லல, அங்க வயல்ல கோதுமை நிக்குது, அவங்களுக்கு அது வேணும். சமவெளியில ராத்திரி 10 டிகிரிக்கு வந்தாத்தான் குளிர் அலைன்னு பேச்சே எடுப்பாங்க, நாகப்பட்டினத்துல எவன் அத பாத்தான், நமக்கு அந்த செய்தி டிவியில பாக்குறதோட சரி. ஆனா அதே ஜனவரியில இங்க லட்சக்கணக்கான ஏக்கர்ல நெல்லு முத்தி தலை சாஞ்சு நிக்குதே, அதுக்கு என்ன ஆகும்னு ஒரு வரி தேடுனாலும் சிக்க மாட்டேங்குது.

இன்னொரு விசயம், இந்த "இயல்பை விட குறைவு, இயல்பை விட அதிகம்" கணக்கு. அக்டோபர் நவம்பருக்கு அது சரி, ஏன்னா அப்ப மொத்த மழைதான் எங்க தலையெழுத்து, 2016ல வடகிழக்கு பருவமழ 62 சதவீதம் கொறஞ்சப்ப டெல்டா பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஜனவரி பிப்ரவரியில இங்க இயல்பு மழையே சில சென்டிமீட்டர்தான், ஒரே ராத்திரி அடிச்சா அந்த சீசன் கணக்கு முடிஞ்சிடும், அந்த ஒரு ராத்திரியில விவசாயி கணக்கும் முடிஞ்சிடும். மழை கொறைவா இருக்க வாய்ப்பு கூடன்னு போட்டா இங்க ஆளுங்க மழையே இல்லன்னு படிச்சிட்டு அறுப்பு மிஷின் புக் பண்றத தள்ளி போடுறான். குறைவு, இயல்பு, அதிகம்னு மூணா பிரிச்சு எதுக்கு வாய்ப்பு கூடங்கறத மட்டும்தான் அவங்க சொல்றாங்க, மத்த ரெண்டும் நடக்காதுன்னு இல்ல, இத ஒரு தடவயாவது பெட்டிச் செய்தி கட்டி விளக்குங்க.

பசிபிக் கடல் தண்ணி வழக்கத்த விட குளிர்ந்து போறத லா நினாங்கறாங்க, அந்த கதையும் அதே மாதிரிதான். லா நினா வந்தா நம்ம பருவமழ கொறையும்னு பொதுவா சொல்லுவாங்க, அது நெறைய வருசம் சரியாவும் இருந்திருக்கு. ஆனா 2021ல லா நினா இருந்தும் தமிழ்நாட்டுக்கு வடகிழக்கு பருவமழ 59 சதவீதம் கூட பேஞ்சுது. அதுக்கு முந்தின குளிர்காலமும் லா நினாதான், அந்த வருசம் பருவமழ விலகுனதே 2021 ஜனவரி 19, பொங்கலுக்கு அறுக்க வேண்டிய நெல்லு படுத்து, தண்ணியில கெடந்து, கதிர்லயே மொளச்சிருச்சு. 2023 பிப்ரவரி மொத வாரம் இலங்கை பக்கம் வந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம் செஞ்சது மறக்குமா, அதுவும் லா நினா குளிர்காலம்தான். அப்ப 33 சதவீதத்துக்கு மேல சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபா நிவாரணம்னு அறிவிச்சாங்க, ஒரு ஹெக்டேர்ங்கறது ரெண்டரை ஏக்கர், வகுத்து பாத்துக்குங்க. யூட்யூப்ல செவப்பு அம்புக்குறி போட்டு "டெல்டாவுக்கு ஆபத்து"ன்னு தினம் ஒரு வீடியோ விடுறவங்க ஒரு பக்கம், சீசன் கணிப்ப ஒத்த வரியில போட்டுட்டு போற பேப்பர் ஒரு பக்கம், நடுவுல நாங்க.

எங்களுக்கு என்ன தேவைன்னு வெளிப்படையா சொல்லிடுறேன். மொதல்ல பனி. தைப்பனி தரைய தொளைக்கும் மாசிப்பனி மச்சை தொளைக்கும்னு சொல்றது பழமொழி, கொள்முதல் நிலையத்துல அது பணம். 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல இருந்தா நெல்ல எடுக்க மாட்டாங்க. ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடி வச்சாலும் காலையில ஓரத்த தூக்கி கைய விட்டா நெல்லு சில்லுன்னு ஒட்டும், பத்து மணிக்கு பனி விலகுன பொறகு ரோட்டுல பரப்பி, கால வச்சே சால் சால் ஓட்டி கெளறி விட்டு, நாலு மணிக்குள்ள அள்ளணும், அப்பவும் மீட்டர்ல 18 காட்டுனா மறுநாள் பாருன்னுடுவாங்க. 2023ல மத்திய குழு வந்து சாம்பிள் எடுத்துட்டு போயி அப்புறம்தான் 20 வரைக்கும் தளர்த்துனாங்க, அது வர்றதுக்குள்ள ரோட்டோரம் குவிச்ச நெல்லு கருத்தே போச்சு. நாளைக்கு பனி மூட்டம் எத்தன மணி வரைக்கும் இருக்கும், வெயில் எப்ப வரும்னு நீங்க போட்டீங்கன்னா எங்களுக்கு அதுதான் தலைப்புச் செய்தி. பின்பட்ட சம்பாவும், குறுவை அறுத்துட்டு நடுற தாளடியும் கதிர் வாங்குற நேரத்துல ராத்திரி குளிரும் எல மேல விடிய விடிய பனியும் இருந்தா கதிர் கழுத்துல குலைநோய்ங்கற பூஞ்சண நோய் எறங்கும், அது தெரிஞ்சா மருந்தடிக்கிற நாள மாத்திக்கலாம், அடிச்ச மறுமணி நேரத்துல தூறல் போட்டா மருந்து காசு வாய்க்காலோட போயிடும்.

அப்புறம் உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, சேத்துல கால் வச்சா மெழுகு பதம் இருக்கறப்ப நெல்லுக்குள்ளயே தெளிப்போம், மிச்ச ஈரத்துலயும் பனியிலயும் அது வெளஞ்சிடும். தெளிச்சதுக்கு அப்புறம் ஒரு நல்ல மழை வந்து தண்ணி நின்னா வெத அழுகிடும், வயல் நனைஞ்சா டயர் மிஷின் எறங்காது, பெல்ட் மிஷினுக்குத்தான் ஓடணும், அதுக்கு வாடகையும் கூட, ஏக்கருக்கு நேரமும் கூட, மொளச்ச உளுந்தையும் நசுக்கிட்டு போகும்.

இதுல வேடிக்க என்னன்னா அதே மழை ரெண்டு ஊரு தள்ளி கோட்டூர், தலைஞாயிறு பக்கம் கடைமடையில லேட்டா நட்டவனுக்கு வரம். மேட்டூர் அணைய ஜனவரி 28ஓட மூடுறது வழக்கம், அவன் பயிரு பால் புடிக்கிறப்ப வாய்க்கால் காஞ்சு கெடக்கும், அவன் மழை வராதான்னு வானத்த பாப்பான், நான் வந்துடுமோன்னு பாப்பேன். "டெல்டா மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பு"ன்னு ஒத்த வரியில போட்டா யாருக்கு என்ன பிரயோஜனம்? தஞ்சாவூர் வேற, வேதாரண்யம் வேற. 2022 நவம்பர் 11 சீர்காழியில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அன்னிக்கு டெல்டா பூரா அப்படியா பேஞ்சுது?

எங்க ஊர் பெரியவங்க மார்கழியில கர்ப்போட்டம் பாப்பாங்க, மேகம் எந்த தெசையில நவுருதுன்னு கவனிச்சு அடுத்த வருச மழைய சொல்லுவாங்க. நான் அத கிண்டல் பண்றவன் இல்ல, ஆனா அது அடுத்த வருசத்துக்கு, இந்த தை அறுப்புக்கு உதவாது.

இதுக்கெல்லாம் நீங்க புதுசா ஆராய்ச்சி பண்ண வேணாம் சார். வேளாண் வானிலை அறிவிப்புன்னு செவ்வாய்க்கெழமயும் வெள்ளிக்கெழமயும் அஞ்சு நாளைக்கான மழை, வெப்பநிலை, ஈரப்பதம், காத்து எல்லாம் வானிலை மையத்துக்காரங்களே குடுக்குறாங்க, அதோட என்ன செய்யணும்னும் எழுதியிருக்காங்க. காரைக்கால்ல ரேடார் இருக்கு. செல்லுல விவசாயிக்கு வானிலை சொல்ற மேகதூத் ஆப்பும் இருக்கு, ஆனா எங்க தெருவுல அத எறக்கி வச்சிருக்கறது காலேஜ் படிக்கிற பசங்க, வயல்ல நிக்கிறது அவங்க அப்பா. மார்கழி பொறந்ததுலேர்ந்து மாசி முடியுற வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு நாளு, டெல்டா பதிப்புல மட்டும், ஒன்றியம் வாரியா ஒரு சின்ன கட்டம் போட்டீங்கன்னா போதும். மழை, பனி, காத்து, மிஷின் எறங்குமா எறங்காதா, அன்னிக்கு கொள்முதல் ஈரப்பதம் எவ்வளவு வரைக்கும், அவ்வளவுதான். ராசி பலன் பக்கத்துல இருக்கற விளம்பரத்த கொஞ்சம் சுருக்குனா எடம் கெடைக்கும். எழுத்த மட்டும் பெருசா போடுங்க, இங்க பேப்பர் படிக்கிறவங்கள்ல பாதி பேருக்கு அறுவது தாண்டியாச்சு.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
திருவாரூர் மாவட்டம்